முகம் வாடாமல் பார்த்துக்கொண்டவர்

அவர் வந்து உட்கார்ந்தால் யாருக்கும் கோபம் நிற்காது. எங்கள் தெருவில் பொதுக் கழிப்பறையை நடத்திய பெண்கள் குழுவில் நாங்கள் பதினோரு பேர். பதினோரு பேருக்கும் அவரைப் பிடிக்கும். பதினோரு பெண்களுக்கு ஒரே ஆளைப் பிடிப்பது லேசான காரியமில்லை. எங்களுக்கு எங்களையே அவ்வளவாகப் பிடிக்காது.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மரியாதைக்காக இல்லை. எழுதினால் ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேர், "அவரா? தங்கமான மனுஷனாச்சே!" என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். வரத்தான் செய்வார்கள். போன வருஷம்வரை யாராவது அவரைக் குறை சொல்லியிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். என் தங்கை கலாவின் முதல் குழந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியது என்று தெரிந்த பிறகுதான் அவரைப் பற்றி வேறு மாதிரி நினைக்க ஆரம்பித்தேன்.

அவருக்கு மொழிபெயர்ப்பு வேலை. எங்கோ வெளிநாட்டில் இருக்கிற ஒரு நகரமும் நம் திருச்சியும் கைகோத்து, குடிதண்ணீரையும் கழிவையும் எப்படிக் கெடாமல் பார்த்துக்கொள்வது என்று சேர்ந்து கற்றுக்கொள்கிற திட்டம் ஒன்று அப்போது வந்தது. உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரமாக எங்கள் தெருமுனையில் கழிப்பறை கட்டினார்கள். அடியில் பெரிய தொட்டிகள். தொட்டியிலிருந்து தெளிந்து வருகிற தண்ணீர் கல்வாழைப் பாத்தி வழியாக ஓடி, பக்கத்து வாழைத் தோட்டத்துக்குப் போகும். கேட்க நன்றாக இருந்தது. பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துக் குலுங்கியது. வந்த நிபுணர்களுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் அவர்.

மலைக்கோட்டைப் பக்கம் ஒரு டுட்டோரியலில் வெகுகாலம் இங்கிலீஷ் நடத்தியவர். அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து காவேரிப் பாலம் தாண்டி ஒரு பழைய மொபெட்டில் வருவார். வண்டியை நிறுத்தியதும் முதலில் எங்கள் முகங்களை வரிசையாகப் பார்ப்பார். யார் முகமாவது சரியில்லை என்றால் நேராக அவளிடம் போவார்.

"என்னம்மா, முகம் வாடியிருக்கு? சாப்பிட்டீங்களா இல்லையா?"

சட்டைப் பையில் சீரக மிட்டாய் வைத்திருப்பார். அழுத குழந்தைக்கும் கொடுப்பார், அழாத கிழவிக்கும் கொடுப்பார். "மனுஷன் முகம் வாடக்கூடாதும்மா. அதைப் பார்த்துட்டு எனக்குச் சோறு இறங்காது" என்பார். இதை அவர் நடிப்பாகச் சொல்லவில்லை என்பதை இன்றைக்கும் நம்புகிறேன். நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஒருமுறை செல்விக்கும் மல்லிகாவுக்கும் கழிப்பறைச் சாவி யாரிடம் இருப்பது என்று பெரிய சண்டை. ஒருத்தி இருக்கும் பக்கம் இன்னொருத்தி திரும்புவதில்லை. அவர் செல்வி வீட்டுக்குப் போய், "மல்லிகா உங்களைப் பத்தி என்ன சொன்னாங்க தெரியுமா? செல்வி மாதிரி சுத்தமா யாராலயும் கழுவ முடியாதுன்னாங்க" என்றார். அப்புறம் மல்லிகா வீட்டுக்குப் போய், "செல்வி உங்களை நினைச்சு ரொம்ப வருத்தப்படுறாங்க" என்றார். மறுநாள் இரண்டு பேரும் ஒரே குடத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு மாதம் கழித்துப் பேச்சுவாக்கில் குட்டு உடைந்தது. அப்படி யாரும் எதையும் சொல்லவே இல்லை என்று தெரிந்தபோது நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். "சார் சரியான ஆளுடி!" என்று மல்லிகா பெருமையாகச் சொன்னாள்.

வெளிநாட்டுக் குழுவுக்குத் தலைவியாக ஒரு வெள்ளைக்கார அம்மா வருவார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும், நல்ல உயரம், தலையில் எப்போதும் ஒரு பருத்தித் தொப்பி. முதல் தடவை வந்தபோது நான் காபி போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மெதுவாக அப்பால் தள்ளி வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் அதைக் கவனித்துவிட்டார்.

"அவங்க ஊர்ல நல்ல காபியை ஒரே மூச்சில குடிக்க மாட்டாங்களாம்மா. பாதி வச்சாத்தான் மரியாதையாம்" என்றார்.

அதன் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்வேன். வெளிநாட்டு வழக்கம் தெரிந்தவள் மாதிரி ஒரு பெருமை. என்ன முட்டாள்தனம் என்று இப்போது தோன்றுகிறது.

மொழிபெயர்க்கும்போது அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. காதில் விழுந்ததை உடனே சொல்லமாட்டார். கண்ணை மூடி மூக்கின் மேல் விரல் வைத்து, கொஞ்சம் யோசித்து, முதலில் சிரித்துவிட்டு, அப்புறம்தான் பேசுவார். நாங்கள் பத்து நிமிஷம் கொட்டித் தீர்த்ததை ஆங்கிலத்தில் இரண்டு வரியில் முடிப்பார். அந்த அம்மா கைகளை ஆட்டி ஆட்டி நீளமாகப் பேசியதைத் தமிழில் ஒரு வரியாக்குவார். "என்ன சார், அவ்வளவு பேசினாங்க, இவ்வளவுதானா?" என்று கேட்டேன் ஒருநாள்.

"சாரத்தை மட்டும் எடுத்துக் குடுக்குறேன்மா. சக்கை எதுக்கு?" என்றார்.

சரிதான் என்று நினைத்தேன். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற வியாதி எனக்கு அப்போது இருந்தது.

கழிப்பறை வந்து இரண்டாவது கோடையில் தெருமுனைக் கைபம்பின் தண்ணீரில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. எங்களுக்குக் குழாய்த் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒருநாள்தான் வரும். மற்ற நாளுக்கெல்லாம் அந்தக் கைபம்புதான். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் வாடை தெரியாது. மேட்டூர் அணையை மூடி, வாய்க்கால் காய்ந்து, பத்துப் பதினைந்து நாள் ஆனதும் குடத்தின் வாயில் மூக்கை வைத்தால் தெரியும். எந்த நிபுணரும் எங்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. தினமும் தண்ணீர் அடிக்கிறவளுக்குத் தெரியாதா? கழிப்பறைத் தொட்டி எங்கோ ஒழுகுகிறது, வாய்க்கால் தண்ணீர் இருக்கும்வரை அது கலந்து கரைந்துவிடுகிறது, காய்ந்ததும் நேராகப் பம்புக்கு வருகிறது என்று எங்கள் பதினோரு பேருக்குமே புரிந்தது. தொட்டி கட்டிய காண்டிராக்டர் ஆளிடம் சொன்னோம். "புதுத் தொட்டி எப்படிங்க ஒழுகும்?" என்று அவன் எங்களையே கேட்டான்.

அந்தச் சமயத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் ஊரிலும் இதே மாதிரி கழிப்பறை கட்டப்போகிறார்களாம், பார்க்க வந்தாள். மற்ற விருந்தாளிகள் மாதிரி இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் துடைப்பத்தை வாங்கி ஒரு இடத்தைக் கழுவியே பார்த்தாள். அவர் அப்போது வெளியே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் தரையில் குந்தி, சாக்பீஸால் தொட்டியின் படம் போட்டோம். நான் தொட்டியிலிருந்து பம்புக்கு ஒரு கோடு இழுத்து மூக்கைப் பிடித்துக் காட்டினேன். அவள் சட்டென்று எழுந்து போய்ப் பம்பை அடித்து, கையில் தண்ணீரைப் பிடித்து முகர்ந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு வேகமாக ஏதோ சொன்னாள். அதற்குள் அவர் வந்துவிட்டார்.

"என்ன சார் சொல்றாங்க?"

கண்ணை மூடினார். மூக்கின் மேல் விரல் வைத்தார். சிரித்தார். "அவங்க ஊர்த் தண்ணி வாசனை மாதிரியே இருக்காம்மா. அம்மா ஞாபகம் வந்துடுச்சாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் எதற்கு என்னை அப்படி முழித்துப் பார்த்தாள் என்று அன்றைக்குப் புரியவில்லை. அவள் உண்மையில் என்ன சொன்னாள் என்பதற்கு இன்றைக்கும் சாட்சி இல்லை. ஆனால் என் தோளை அவள் பிடித்த பிடி எனக்குத் தெரியும். தாய் ஞாபகம் வந்தவள் அப்படிப் பிடிக்கமாட்டாள்.

திட்டம் முடிகிற கூட்டம் அடுத்த மாதமே வந்தது. கழிப்பறைக்கு முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். வெள்ளைக்கார அம்மா, அவர்களுடைய என்ஜினீயர், இங்கத்திய பெரிய மனிதர்கள் எல்லாரும் ஒரு பக்கம். நாங்கள் பதினோரு பேரும் ஒரே மாதிரி பச்சைச் சேலையில் எதிர்ப்பக்கம். குழுவின் செயலாளர் என்பதால் நான் எழுந்து பேசினேன். முதல்நாளே வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன்.

"கைபம்புத் தண்ணியில நாத்தம் வருதுங்க. தொட்டி எங்கயோ ஒழுகுது. நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள தோண்டிப் பார்த்துச் சரிபண்ணிக் குடுக்கணும். புள்ளைங்க குடிக்கிற தண்ணிங்க அது" என்றேன். எனக்கு வியர்த்து ஊற்றியது.

அவர் எழுந்து ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். புகார் சொன்னதற்கு இப்படிக் கைதட்டுகிறார்களே, எவ்வளவு பெரிய மனசு என்று நான் பூரித்துப்போனேன். உட்கார்ந்ததும் மல்லிகா என் தொடையில் தட்டி, "போட்டு உடைச்சிட்டடி!" என்றாள்.

கூட்டம் முடிந்ததும் அவரிடம் ஓடினேன்.

"சரி பண்றேன்னாங்களா சார்?"

"ஊருக்குப் போய் லெட்டர் போடுறாங்களாம். தண்ணியை டெஸ்ட் பண்ணணும், ஒரு பாட்டில்ல பிடிச்சுக் குடுங்கம்மா, நானே சேர்த்துடுறேன்."

வெந்நீரில் கழுவிய பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மூடியை இறுக்கி, இடமும் நாளும் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மொபெட்டின் முன்பக்கப் பையில் பத்திரமாக வைத்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து நான் வீட்டில் யாரையும் பம்புத் தண்ணீர் குடிக்க விடவில்லை. இரண்டு தெரு தள்ளிப் போய்க் கெஞ்சி வாங்கிவந்தேன். ஒவ்வொரு முறை அவரைப் பார்க்கும்போதும் கேட்பேன். மூன்று வாரம் கழித்து ஒருநாள் வண்டியை நிறுத்தும்போதே சிரித்தார்.

"ரிசல்ட் வந்துடுச்சும்மா. நல்ல தண்ணிதானாம். இரும்புச்சத்து கொஞ்சம் கூடவாம், அதுதான் அந்த வாடையாம். நிம்மதியாக் குடிங்க."

நிம்மதியாகத்தான் குடித்தோம்.

எங்களுக்கு அம்மா இல்லை. அதனால் கலா தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்குத்தான் வந்தாள். வளையல் அடுக்கிய கையோடு ஏழாம் மாதத்தில் வந்து இறங்கினாள். வந்த அன்றைக்கே செம்பை வாயருகே கொண்டுபோய்விட்டு நிறுத்தினாள்.

"அக்கா, தண்ணியில வாடை வருதே?"

"அதெல்லாம் வெளிநாட்டுக்காரங்களே டெஸ்ட் பண்ணிட்டாங்கடி. இரும்புச்சத்து. உனக்கு நல்லதுதான், குடி" என்றேன்.

கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள் இல்லையா, அதனால் அந்த வார்த்தை எனக்கு இன்னும் பிடித்துப்போயிருந்தது. அவள் குடித்தாள். ஐந்து வாரம் குடித்தாள். அந்தக் கோடையில் தெருவில் நாலைந்து பேருக்கு மஞ்சள்காமாலை வந்தது. வெயில் சூடு என்று சொல்லிக் கீழாநெல்லி அரைத்துக் குடித்துத் தேறிவிட்டார்கள். கலாவுக்கு வந்தபோது நான் அவளுக்கும் கீழாநெல்லிதான் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவள் பேச்சு குழற ஆரம்பித்ததும்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"இது தண்ணியால வர்ற காமாலைம்மா. மத்தவங்களுக்கு வந்துட்டுப் போயிடும். மாசமா இருக்கிறவங்களுக்கு உயிரையே எடுத்துடும்" என்றார் டாக்டர் அம்மா.

கலாவைப் பிழைக்க வைத்துக் கொடுத்தார்கள். குழந்தையைக் கொடுக்க முடியவில்லை. பெண் குழந்தை. முகத்தை நான் மட்டும்தான் பார்த்தேன்.

செய்தி கேட்டு அவர் இளநீரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராண்டாவில் என்னைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார். சொந்தக்காரர்கள்கூட அப்படி அழவில்லை. நான்தான் அவரைத் தேற்றினேன். பிறகு தெரு ஆண்கள் சேர்ந்து கடப்பாறை போட்டுத் தோண்டியபோது தொட்டியின் அடியில் கை நுழைகிற அளவு விரிசல் இருந்தது. பம்பின் கைப்பிடியைக் கழற்றிப் போட்டார்கள். அப்போதும் நான் அவரிடம் கேட்டேன்.

"டெஸ்ட்ல நல்ல தண்ணின்னாங்களே சார்?"

"அப்ப நல்லாத்தாம்மா இருந்திருக்கு. அதுக்கப்புறம் விரிசல் விட்டிருக்கும். நம்ம நேரம்" என்றார்.

நம் நேரம் என்று நானும் நம்பினேன். கலாவுக்கும் அப்படியே சொன்னேன். நாலு வருஷம் கழித்து அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். அந்தப் பிரசவத்துக்கு அவள் என் வீட்டுக்கு வரவில்லை, லால்குடியில் மாமியார் வீட்டிலேயே பார்த்துக்கொண்டார்கள். ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

இப்போது நான் கே.கே. நகரில் இருக்கிறேன். கழிப்பறை நடத்துவது எப்படி என்று வெளியூர்ப் பெண் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. இந்த வேலைக்காகவே தட்டுத்தடுமாறி ஆங்கிலம் படித்தேன். போன வருஷம் ஒரு பயிற்சி வகுப்பில், பொறுப்பாளராக வந்திருந்த சின்னப் பெண், "உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் மேடம்" என்று சொல்லித் திரையில் ஒரு படத்தைப் போட்டாள். எங்கள் ஷாமியானா கூட்டம்! யாரோ முழுக்கப் படம்பிடித்து, வெட்டாமல் அப்படியே இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பச்சைச் சேலையில் இளைத்துப்போய் நான். வகுப்பில் எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

திரையில் நான், "புள்ளைங்க குடிக்கிற தண்ணிங்க அது" என்று சொல்லி முடித்தேன். அவர் கண்ணை மூடினார், சிரித்தார், ஆங்கிலத்தில் பேசினார். இந்த முறை எனக்குப் புரிந்தது.

'முன்பெல்லாம் இருட்டில் வாய்க்கால் கரைக்குப் போய்க்கொண்டிருந்தோம். இப்போது மானத்தோடு வாழ்கிறோம். எங்கள் பிள்ளைகள் உங்களை மறக்கமாட்டார்கள்' என்று நான் சொல்கிறேனாம்.

உட்கார்ந்திருந்த நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். படம் ஓடியது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்கிறார்: 'எதையும் மறைக்க வேண்டாம். குறை ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லுங்கள். அதைச் சரிசெய்வதற்காகவே எங்கள் என்ஜினீயர் இன்னும் இரண்டு நாள் இங்கே இருக்கிறார்.' அவர் எங்கள் பக்கம் திரும்பித் தமிழில், "எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்களான்னு கேக்குறாங்க" என்கிறார். பதினோரு தலைகளும் ஆடுகின்றன. என் தலை எல்லாரையும்விட வேகமாக ஆடுகிறது.

கூட்டத்துக்கு மறுநாள் எடுத்த அடுத்த காட்சியில் அந்த என்ஜினீயர் திருவெள்ளறையில் இருக்கிறார். கோயிலுக்குப் பக்கத்தில் நாலு பக்கமும் படியிறங்குகிற பழைய கிணற்றை, எங்கள் மொழிபெயர்ப்பாளர்தான் அருகில் நின்று கைநீட்டிக் காட்டுகிறார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கிணற்றை அந்த மனிதர் எவ்வளவு ஆசையாகக் குனிந்து பார்க்கிறார்! இரண்டு நாளும் இப்படிச் சுற்றிக்காட்டியே அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் தொட்டி அங்கிருந்து இருபது கிலோமீட்டர் தூரத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையிலேயே ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். அவருக்கு எழுபது நெருங்கியிருந்தது. கதவைத் திறந்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க வாங்கம்மா! எத்தனை வருஷமாச்சு! ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டீங்களா?"

உட்காராமலே கேட்டேன். "அந்தக் கடைசிக் கூட்டத்துல நான் தொட்டி ஒழுகுதுன்னு சொன்னேன். நீங்க அவங்ககிட்ட என்ன சார் சொன்னீங்க?"

"எதுக்கும்மா இப்பப் பழசெல்லாம்..."

"படத்துல பார்த்தேன் சார். எனக்கு இப்ப இங்கிலீஷ் தெரியும்."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"அந்தம்மா அஞ்சு வருஷமா இதுக்காகவே அலைஞ்சாங்க. அன்னிக்கு அவங்களுக்குக் கடைசி நாள். அத்தனை பேர் முன்னாடி எப்படிம்மா சொல்றது? அவங்க முகத்தைப் பார்த்தேன், வாய் வரலை."

"எங்க முகத்தைப் பார்க்கலையா சார்?"

"நாம தாங்கிக்குவோம்மா" என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிற அதே குரல், அதே கனிவு. "நமக்கு இதெல்லாம் பழக்கந்தானே. அவங்களுக்குத் தாங்காது."

அவரை அறைந்துவிடலாமா என்றிருந்தது. "அந்தப் பாட்டில்?" என்றேன்.

"அதைக் குடுத்தா எல்லாம் வெளிய வந்துடுமேம்மா. பாலத்துல வண்டியை நிறுத்தி..."

"காவேரியில ஊத்திட்டீங்க."

தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்புறம் எதுக்கு சார் நல்ல தண்ணின்னு சொன்னீங்க? சும்மாவாவது இருந்திருக்கலாமே! நாங்க அந்தத் தண்ணியைத் தொடாம இருந்தோமே!"

"பார்க்கிறப்பல்லாம் கேட்டீங்க. பயந்துபோய் இருந்தீங்க. உங்களை அப்படிப் பார்க்க முடியலைம்மா எனக்கு." கண்ணிலிருந்து நீர் வழிந்தது. இந்த முறை நான் தேற்றவில்லை. அவர் மனைவி காபியோடு வந்து நின்றார். வாங்காமலே படியிறங்கினேன். அழுகிற கிழவனை விட்டுவிட்டு வருகிறோமே என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றவைப்பதில்தான் அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று உடனே ஆத்திரமாகவும் வந்தது.

நேராக லால்குடி பஸ் ஏறினேன். கலா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொடிக்கு இந்தப் பக்கம் நின்று ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டத்தில் நான் சொன்னது, அவர் மாற்றிச் சொன்னது, பாட்டில், பாலம், இரும்புச்சத்து எல்லாம். அவள் அவரைத் திட்டுவாள், நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவோம் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்து வைத்திருந்தேன்.

அவள் ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டாள். ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"அவரு யாருன்னே எனக்குத் தெரியாது அக்கா. எனக்கு வாடை தெரிஞ்சுது. நீ சொன்னேன்னுதான் குடிச்சேன்" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. பக்கெட்டிலிருந்து அடுத்த துணியை எடுத்தாள். அவள் மனம் ஆறுகிற மாதிரி ஏதாவது சொல்ல எனக்கு வாய் துடித்தது. அதற்கு வார்த்தை தயாராகவும் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றேன்.